இரும்புச்சத்து மாத்திரையைப் பாதியில் நிறுத்தலாமா?

கேள்வி: என் மருமகளுக்கு ஐந்தாம் மாதம். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்டாள். என்ன செய்வது?
- வாசகி, மணப்பாறை

பதில்: மலம் கறுப்பது மாத்திரையால்தான், பயம் வேண்டாம். இரவு சாப்பிட்ட பிறகு கொடுங்கள், குமட்டல் குறையும். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் நிலக்கடலை இலை வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். உடம்பிலும் ஏறக்குறைய அப்படித்தான். கால்சியம் மாத்திரை, டீ, காபியோடு சேர்த்தால் இரும்பு சரியாகச் சேராது. இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். நான்காம் மாதம் முதல் தினம் ஒன்றாக 180 நாள்களாவது சாப்பிட வேண்டும். ரத்தசோகை இருந்தால் பிரசவத்தில் ஏற்படும் ரத்தப்போக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். குமட்டல் தொடர்ந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். தினமும் மாத்திரையை நீங்களே எடுத்துக் கொடுத்தால் மறதிக்கும் இடமிருக்காது.