சந்தைக் கிழவிகளின் பெயர்

1890இல் லண்டனில் ‘டேல்ஸ் ஆஃப் தி சன்’ என்றொரு புத்தகம் வந்தது. தென்னிந்திய நாட்டுப்புறக் கதைகளின் ஆங்கிலத் தொகுப்பு. தலைப்புப் பக்கத்தில் இரண்டு பெயர்கள்: மிஸஸ் ஹோவர்ட் கிங்ஸ்கோட், பண்டித நடேச சாஸ்திரி. முன்னுரையில் அம்மையார் தம் வேலைமுறையைச் சொல்கிறார். வீட்டு வேலைக்காரர்கள்தான் அவருக்குக் கதை கொண்டுவந்தவர்கள். அவர்கள் சந்தையிலிருந்த கிழவிகளிடம் கேட்டு வந்து சொன்னார்கள். அப்படி வந்த கதைகளில் திரிபும் வெளிச்சரக்கும் மலிந்திருந்தனவாம். சாஸ்திரியார் திருத்தித் தந்திராவிட்டால் புத்தகம் பிழைகளோடு போயிருக்கும் என்று நன்றியோடு எழுதுகிறார்.

நடேச சாஸ்திரிக்கு நன்றி உண்டு, பெயரும் உண்டு. வேலைக்காரர்களுக்கும் கிழவிகளுக்கும் அந்த ஒரு குறிப்போடு சரி. அதுவும் குற்றச்சாட்டாக.

திருவனந்தபுரத்துத் தமிழ்ப் பெண்கள் சொல்லும் கதைகளை இந்த இதழில் தொகுத்திருக்கிறோம். கரமனை, வலியசாலை அக்கிரகாரங்களிலிருந்தும் சாலைக் கடைத்தெருவை அண்டிய வீடுகளிலிருந்தும் நண்பர்கள் ஒலிப்பதிவு செய்து அனுப்பியவை. அவற்றை அச்சுக்குத் தயார் செய்கையில் கிங்ஸ்கோட்டின் முன்னுரை திரும்பத் திரும்ப நினைவில் வந்து நின்றது. அதனால் அவரைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது.

அவர் சாதாரணப் பெண்மணி அல்ல. 1860இல் பிறந்தவர். இயற்பெயர் அடலைன். தந்தை சர் ஹென்றி டிரம்மண்ட் உல்ஃப் பிரிட்டனின் அரசியல்வாதி, ராஜதந்திரி. தந்தைவழித் தாத்தா ஜோசப் உல்ஃப், புகாரா வரை போய்வந்த ஊர்சுற்றி மதபோதகர். 1830களில் தென்னிந்தியாவிலும் பயணம் செய்தவர். அடலைன் ராணுவ அதிகாரி ஹோவர்ட் கிங்ஸ்கோட்டை மணந்து இந்தியா வந்தார். இந்தியாவில் ஆங்கிலேயக் குழந்தைகளை வளர்ப்பது எப்படி என்று ஒரு கையேடும் எழுதினார். ஊர் திரும்பிய பின் நாவலாசிரியர் ஆனார், லூகஸ் கிளீவ் என்ற ஆண்பெயரில். கிராண்ட் ஆலன் 1895இல் எழுதிய ‘தி வுமன் ஹு டிட்’ இங்கிலாந்தில் பெரும் சர்ச்சையைக் கிளப்பியபோது, அதே ஆண்டில் ‘தி வுமன் ஹு உட்ன்ட்’ என்ற நாவலால் அதற்குப் பதில் சொன்னார். அதன்பின் மழைபோல நாவல்கள். நூற்றாண்டு முடிகிற நேரத்தில் பெருங்கடனில் சிக்கித் திவாலானார். 1908இல் சுவிட்சர்லாந்தில் இறந்தார்.

அத்தனை நாவல்களையும் இன்று யாரும் தேடுவதில்லை. அவர் பெயரை உயிரோடு வைத்திருப்பது தமிழ்நாட்டுக் கதைகளின் அந்த ஒரு தொகுப்புதான்.

இதில் என்னை உறுத்துகிற ஒன்று உண்டு. கதைப் புத்தகத்தில் அவர் கணவர் பெயரால் அறியப்படுகிறார். நாவல்களில் இல்லாத ஓர் ஆணின் பெயரால். அடலைன் என்ற பெயர் இரண்டிலும் இல்லை. நம் பக்கத்துக் கோட்டயத்தில் இதற்கு முன்பே இதுதான் நடந்தது. மலையாளத்தின் முதல் நாவல் எது என்ற விவாதத்தில் தவறாமல் வரும் ‘காதகவதம்’, சி.எம்.எஸ். கல்லூரி முதல்வரின் மனைவி ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் கணவர் முடித்து, 1877இல் மலையாளத்துக்கு வந்தது. இலக்கிய வரலாறுகளில் அந்தப் பெண் இன்றும் மிஸஸ் காலின்ஸ்தான். ஃபிரான்சஸ் என்று சொன்னால் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

தன் பெயரையே அச்சில் வைக்க முடியாத ஒருத்திக்குச் சந்தைக் கிழவியின் பெயரைக் கேட்கத் தோன்றாததில் வியப்பில்லை என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை. ஏனென்றால் கேட்டவர்கள் இருந்தார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1868இல், பம்பாய் கவர்னராக இருந்தவரின் மகள் மேரி ஃப்ரெர் ‘ஓல்ட் டெக்கான் டேஸ்’ வெளியிட்டபோது, கதை சொன்ன ஆயா அன்னா லிபராட்டா டி சௌசாவின் பெயரையும், அவர் வாயாலேயே சொன்ன வாழ்க்கைக் கதையையும் சேர்த்தே அச்சிட்டார். 1879இல் மெய்வ் ஸ்டோக்ஸும் தமக்குக் கதை சொன்ன ஆயாக்களின் பெயரைப் பதிந்தார். அன்றைக்கு முடியாத காரியம் அல்ல அது.

நடேச சாஸ்திரியின் கதை வேறு. 1859இல் பிறந்தவர், அம்மையாருக்கும் அவருக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். தொல்லியல் துறையில் வேலை பார்த்தபடியே கதைகளைத் திரட்டி ‘இந்தியன் ஆண்டிகுவரி’யில் வெளியிட்டார். மதனகாமராஜன் கதையை 1886இல் ஆங்கிலத்தில் தந்தார். பின்னர் தமிழில் ‘தானவன்’, ‘தீனதயாளு’ என நாவல்களும் எழுதினார். அம்மையாரின் புத்தகத்தில் கணிசமான கதைகள் அவர் ஏற்கனவே அச்சிட்டவை. ஆயினும் 1892இல் ஜோசப் ஜேக்கப்ஸ் தம் ‘இந்தியன் ஃபேரி டேல்ஸ்’ தொகுப்பில் சோதிடன் மகன் கதையைச் சேர்த்துக்கொண்டபோது மூலமாக முதலில் குறித்தது கிங்ஸ்கோட்டைத்தான். சாஸ்திரி அவர் வழியாக வருகிறார். மூலத்தின் ஆங்கிலம் பாபு வாடை அடித்ததால் சுருக்கிச் சீர்செய்ததாகவும் ஜேக்கப்ஸ் எழுதி வைத்தார். கிழவியைத் திருத்திய பண்டிதரை லண்டன்காரர் திருத்தினார். உலகமெங்கும் குழந்தைகள் படித்தது இந்தக் கடைசித் திருத்தத்தைத்தான்.

திரிபு, வெளிச்சரக்கு என்று அன்று ஒதுக்கப்பட்டதுதான் எனக்கு இன்று வேண்டும். ஒரு கிழவி கதைக்குள் தன் ஊர்ச் சண்டையை நுழைத்திருப்பாள். இன்னொருத்தி அராபியக் கதையொன்றைக் காவிரிக்கரையில் குடியேற்றியிருப்பாள். ஒவ்வொருத்தியும் தனித்தனியாக எப்படி யோசித்தாள் என்பதற்கு அதைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அது சந்தையிலேயே அழிந்துவிட்டது.

எங்களுக்கு வந்த பதிவுகளோடு சில நண்பர்கள் எழுத்துப்படியும் அனுப்பியிருந்தார்கள். பலவற்றில் மலையாளச் சொற்கள் நீக்கப்பட்டிருந்தன. அரசன் பேசும் இடங்கள் மேடைத் தமிழுக்கு மாறியிருந்தன. மாமியாரைத் திட்டும் வரிகள் காணாமல் போயிருந்தன. அன்பினால் செய்ததுதான், பாட்டி பிழையாகப் பேசியதாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற கவலை. ஆனால் நான்கு தலைமுறையாக இந்த நகரத்தில் வாழ்கிற ஒரு குடும்பத்தின் தமிழ் இப்படித்தான் இருக்கும். கதையில் வரும் ராஜா பத்மநாபசுவாமிக்கு அடிமை என்று சொல்லிக்கொள்வார், பொழுது விடிந்தால் ராட்சசி கரமனை ஆற்றில் குளிப்பாள். எழுத்துப்படிகளை ஒதுக்கிவிட்டு ஒலிப்பதிவிலிருந்தே மறுபடி எழுதியிருக்கிறோம். வாசிக்கச் சில இடங்களில் தட்டும். தட்டட்டும்.

ஒவ்வொரு கதையின் தலைப்புக்குக் கீழே சொன்னவரின் பெயர், அவர் விரும்பியபடி இருக்கும். சேகரித்தவர் பெயர் கதையின் முடிவில். இரண்டு பேர் பெயர் வேண்டாம் என்றார்கள், அதை மதித்திருக்கிறோம். அடுத்த தொகுதிக்குப் பதிவு செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்று நீங்களாக எழுதி அனுப்பாதீர்கள். பாட்டியின் பெயரைப் பாட்டியிடமே கேளுங்கள். கதையை யாரிடம் கேட்டார் என்பதையும் கேளுங்கள். அவர் சொல்லும் அந்தப் பெயரையும் சேர்த்து அச்சிடுவோம்.