கேமராவுக்குப் பயமில்லை, மனுஷனுக்கு உண்டு

திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்குப் போனால், அங்குள்ள கேமராக்களை அண்ணாந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. 2015 ஜூன் 23-ல் ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜ் கடைசியாகத் தென்பட்டது அங்கேதான். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறி, 2022 மார்ச்சில்தான் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். கேமராப் பதிவு பிறழவில்லை.

பிறழ்ந்தவர்களைத் திட்டுவது சுலபம். கூண்டேறி இறங்கியவர் அதே டவுன் பஸ்ஸில்தானே ஊர் திரும்ப வேண்டும்? பக்கத்து சீட்டில் எதிரியின் பங்காளி உட்கார்ந்திருப்பார்.

2018-ல் சுப்ரீம் கோர்ட் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில், ஒரு தடவைக்கு மூன்று மாதத்துக்கு மேல் பாதுகாப்பு கிடையாது. வழக்கோ ஏழு வருஷத்தை நெருங்கியது. 2024 ஜூலையில் வந்த புதிய நடைமுறைச் சட்டமும் போலீஸ் காவலைப் பிரித்துப் பிரித்து எடுப்பதை விரிவாக எழுதிவிட்டு, சாட்சிகளுக்காக 398-வது பிரிவில், மாநிலங்கள் திட்டம் வகுக்கட்டும் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டது.

போலீசுக்கு அதிகாரம் கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் தீர்ப்பு வரைக்கும், அதற்குப் பிறகும், சாட்சி வீட்டு வாசலுக்குக் காவல் கொடுங்கள். அதைச் செய்யாமல் ‘உண்மையைச் சொல்’ என்று ஏழை ஜனங்களிடம் கேட்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?