எது என் வேலை?

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையாது" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பாலாவி வெயிலில் உப்பு வாருபவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்; கடும் உழைப்பு எங்களுக்குப் புதிதல்ல. எது தன் வேலை என்று தெரியாமலும், செய்ததற்கு நியாயம் கிடைக்காமலும் போகும்போதுதான் மனம் விட்டுப் போகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வைத் தொழில் சார்ந்த ஒரு நிலையாக வகைப்படுத்தியது. களைப்பு, வேலையில் வெறுப்பு, திறன் குறைதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். அதன் காரணங்களுள் வேலைப்பளுவோடு நியாயமின்மையையும் சேர்க்கிறார் அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக்.

இதற்கு உதாரணம் எங்கள் நாட்டுப் பாடசாலைகளிலேயே உண்டு. 2020இல் 50,000 பட்டதாரிகளை அரச சேவையில் சேர்க்கும் திட்டம் தொடங்கியது. பயிற்சிக் காலக் கொடுப்பனவு மாதம் 20,000 ரூபா. இப்படி அரச சேவைக்கு வந்து பாடசாலைகளுக்கு இணைக்கப்பட்ட பலர் பாடம் நடத்துகிறார்கள். நியமனக் கடிதத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். பிள்ளைகளுக்கு அவர் டீச்சர். தங்களை ஆசிரியர் சேவையில் உள்வாங்குமாறு கேட்டு அவர்கள் கொழும்பு வீதிகளில் போராடினார்கள். வேலையைக் குறைக்கும்படி கேட்கவில்லை. செய்கிற வேலைக்குரிய இடத்தையே கேட்டார்கள். தன் இடம் நிச்சயமில்லாதவர் எத்தனை நாளைக்கு உற்சாகமாகக் கற்பிப்பார்? நஷ்டம் மாணவர்களுக்கும்தான்.

கடைகளிலும் இதே கதைதான். கணக்கெழுதச் சேர்ந்த பெண் தேநீர் ஊற்றி, தரை கூட்டி, விடுமுறை நாளிலும் வரவேண்டும். அதே வேலைக்கு வந்த ஆணுக்குச் சம்பளம் கூட என்றால், கணக்கில் பிழை வராமல் என்ன செய்யும்? 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வேலை, சம்பளம் பற்றிய விபரங்களை ஊழியரிடம் எழுத்தில் கொடுக்கச் சொல்கிறது. சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45.

சிறிய கடையில் எல்லோரும் எல்லாம் செய்யத்தான் வேண்டும் என்பார்கள். செய்யலாம். அதையும் முன்கூட்டியே சொல்லி, உரியதைக் கொடுத்தால் யாரும் மனமுவந்து செய்வார்கள்.

தோழியரே, நாளை வேலைக்குப் போகும்போது சம்பளத்தோடு "எது என் வேலை?" என்பதையும் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். எங்களில் ஒருத்தி முதலாளியானால், கேட்கும் முன்பே அதைக் கொடுக்கட்டும்.