எல்லாம் ஒன்றுதானா?

"பர்மாவிலிருந்து ஜப்பான் வரையில் எங்கே போனாலும் நூல் நூலாக மாவுதானே, ஸார்! பெயர்தான் வேறே" என்று சொல்லுகிறவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் நூடுல்ஸ் என்று ஒரே பெயரைச் சூட்டிவிட்டு, ஆசியாவையே ருசி பார்த்துவிட்டதாக அவர்களுக்கு ஒரு திருப்தி.

அப்படிச் சொல்லுகிறவரிடம் சேவையைக் கொடுத்து, இடியாப்பம் என்று சொல்லிப் பாருங்கள். சண்டைக்கு வருவார். பிழிந்த பிறகு வேகவைத்தால் இடியாப்பம், வேகவைத்த பிறகு பிழிந்தால் சேவை என்று பாடம் நடத்துவார். நியாயந்தான். தன் வீட்டு அடுப்பில் இத்தனை நுட்பம் பார்க்கிறவர், அடுத்தவன் வீட்டு அடுப்பைக் கண்டதும் ஏன் கண்ணை மூடிக் கொள்ளுகிறார்?

கோதுமை மாவைப் பிசைந்தால் ஜவ்வு போல இழுபடும். அதனால்தான் சீனாவில் லான்ஜோ நகரத்துச் சமையற்காரர் சாம்பல் காரம் சேர்த்த மாவுக் கயிற்றை இரு கையாலும் இழுத்து, மடித்து, மறுபடி இழுக்கிறார். எட்டுத் தடவை மடித்து இழுத்தால் ஒரு கயிறு 256 இழையாகிவிடும். அரிசி மாவு இந்த வித்தைக்கு இணங்காது, இழுத்தால் அறுந்துபோகும். ஆகவே வியட்நாமியர் அதைத் துளை வழியாகக் கொதிநீரில் பிழிந்து 'புன்' செய்தார்கள். மெல்லிய தகடாக ஆவியில் வேகவைத்து, நாடாவாக நறுக்கி 'ஃபோ'வில் போட்டார்கள். ஜப்பானியரின் சோபா, பக்வீட் என்ற தானியத்தின் மாவு. ஆங்கிலப் பெயரில் கோதுமை ஒட்டிக்கொண்டிருக்கிறதே தவிர, கோதுமைக்கும் அதற்கும் உறவே கிடையாது. அதைத் தேய்த்து மடித்துக் கத்தியால்தான் அரிய வேண்டும். கொரியாவிலோ சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்தில் கண்ணாடி போன்ற இழை. தன் மண்ணில் விளைந்ததை வைத்துக் கொண்டு மனிதன் என்ன செய்தான் என்ற கதை ஒவ்வொரு கிண்ணத்திலும் இருக்கிறது.

1958-இல் மோமோஃபுகு ஆண்டோ, எண்ணெயில் பொரித்து ஈரம் போக்கிய இழையைப் பொட்டலமாக ஜப்பானில் விற்கத் தொடங்கினார். பசித்தவனுக்கும் அவசரக்காரனுக்கும் அது பெரிய உபகாரம். அவரை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பொட்டலந்தான் ஆசியாவின் சாப்பாடு என்று நினைக்கிற சோம்பேறித்தனத்தைச் சொல்லுகிறேன். தனிப் பெயர் போனால், தனிப் பக்குவத்தைக் கேட்பாரும் இல்லாமல் போவார்கள். கேட்பார் இல்லாத பக்குவத்தை எந்தச் சமையற்காரர் தம் பிள்ளைக்குக் கற்றுக் கொடுப்பார்?

சாப்பிடுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? என்ன மாவு, இழுத்ததா, பிழிந்ததா, அரிந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.