போனில் பி.பி. பார்க்க முடியாதே!

2020 மார்ச்சில் எல்லாமே தள்ளிப்போச்சு, பிரசவத் தேதியைத் தவிர. விழுப்புரம், கடலூர் கர்ப்பிணிகளும் நம்பி வரும் இடம் புதுச்சேரி ஜிப்மர். எல்லையில் தடுப்பு போட்டதும் அவர்களுக்கு செக்கப் வருவதே பெரும்பாடானது. புறநோயாளிப் பிரிவைச் சுருக்கி, ஜிப்மர் தொலைபேசி ஆலோசனைக்கு மாறியது. சந்தேகம் கேட்க அது சரி. ஆனால் ரத்த அழுத்தம்? 20 வாரத்துக்குப் பிறகு வரும் பிரீக்ளாம்சியா பெரும்பாலும் சத்தமில்லாமல் ஏறும். “கால் வீக்கம்தானே, எனக்கும் இருந்துச்சு” என்று அம்மாவே சொல்லிவிடுவார். பி.பி.யும் சிறுநீரும் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்த தொற்றில் பெரிய ஆஸ்பத்திரி மூடினாலும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த இரண்டு பரிசோதனையும் நிற்கக் கூடாது. கர்ப்பிணியின் பதிவு அட்டையே எல்லை பாஸ் என்று புதுச்சேரியும் தமிழகமும் இப்போதே பேசி முடிக்கட்டும்.