எலுமிச்சம் பழமும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்!

"ரத்தக் கொதிப்பா? தினமும் ஓர் எலுமிச்சம் பழத்தைப் பிழிந்து குடி. மாத்திரையைத் தூக்கி எறி!"

இப்படி யோசனை சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தாமிரபரணிக் கரையில் உள்ள ஏரலுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டா?

இந்த யோசனையில் பாதி உண்மை; பாதி ஆபத்து. எது உண்மை, எது ஆபத்து என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கப்பலில் வந்த நோய்

1498-ம் ஆண்டு வாஸ்கோடகாமா கடல் வழியாகக் கோழிக்கோட்டுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் வந்த போர்ச்சுகீசியர்கள் நமது முத்துக்குளித்துறைக்கும் வந்து சேர்ந்தார்கள்.

காமா திரும்பிப் போகும்போது அரபிக் கடலைத் தாண்டச் சுமார் மூன்று மாதம் பிடித்தது. மாலுமிகள் பலர் நடுக்கடலில் செத்தார்கள். ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. தோலுக்கு அடியில் ரத்தம் கட்டியது. அந்த நோயின் பெயர் ஸ்கர்வி.

காரணம் என்ன? காய், பழம் இல்லாத சாப்பாடு!

1747-ம் ஆண்டு ஜேம்ஸ் லிண்ட் என்ற பிரிட்டிஷ் கப்பல் டாக்டர், இந்த நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்தார். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு பொருளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் மட்டும் வேகமாகத் தேறினார்கள்.

அந்தப் பழங்களில் இருந்த மருந்துதான் வைட்டமின் 'சி'. ரத்தக் குழாயின் சுவருக்கு வலுக் கொடுப்பது 'கொலாஜன்' என்ற நார். அது உறுதியாக அமைய வைட்டமின் 'சி' வேண்டும். அது இல்லாவிட்டால் சுவர் பலவீனப்பட்டு ரத்தம் கசியும்.

குழாய்க்குள் ஒரு வாயு

ரத்தக் குழாய், இரும்புக் குழாய் அல்ல. அது விரியும், சுருங்கும். விரிந்தால் ரத்தம் தாராளமாக ஓடும். சுருங்கினால் அழுத்தம் ஏறும்.

'விரி' என்று கட்டளை இடுவது யார்? குழாயின் உள்தோல்! அது 'நைட்ரிக் ஆக்சைடு' என்ற வாயுவை மிகச் சிறிதளவு உண்டாக்குகிறது. அந்த வாயு பட்டதும் குழாயைச் சுற்றியுள்ள தசை தளர்கிறது. இதைக் கண்டுபிடித்த பர்ச்காட், இக்னாரோ, முராட் என்ற மூன்று அமெரிக்கர்களுக்கு 1998-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

நெஞ்சு வலி வந்தால் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை இருக்கிறதே, அதுவும் இந்த வாயுவைக் கொண்டுதான் வேலை செய்கிறது.

புகை பிடிப்பவர்களுக்கும், சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கும் இந்த வாயு குறைந்துவிடுகிறது. உடம்பில் உண்டாகும் சில நச்சுப் பொருள்கள் அதை அழித்துவிடுகின்றன. வைட்டமின் 'சி' அந்த நச்சுகளைத் தடுக்கிறது. புகை பிடிப்பவர்களின் கை ரத்தக் குழாயில் வைட்டமின் 'சி'யைச் செலுத்தியபோது, குழாய் முன்னைவிட நன்றாக விரிந்ததை 1996-ம் ஆண்டு டாக்டர்கள் கண்டார்கள்.

இதுவரை உண்மை. இனி ஆபத்தைப் பார்ப்போம்.

14 ஆயிரம் டாக்டர்கள்

அமெரிக்காவில் 14,641 ஆண் டாக்டர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதியினருக்குத் தினமும் 500 மில்லிகிராம் வைட்டமின் 'சி' கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. சுமார் 8 ஆண்டுகள் கவனித்து, 2008-ம் ஆண்டு முடிவைச் சொன்னார்கள்.

மாரடைப்பு குறையவில்லை. பக்கவாதமும் குறையவில்லை!

ரத்த அழுத்தம்? 29 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2012-ம் ஆண்டு கணக்கிட்டார்கள். மேல் அழுத்தம் சராசரியாக 4 அளவுதான் இறங்கியது. அதுவும் சில வாரச் சோதனைகளில்!

170 உள்ளவருக்கு 4 இறங்கி என்ன பயன்? அவர் எலுமிச்சையை நம்பி மாத்திரையை நிறுத்தினால், ஒரு நாள் கை கால் விழுந்துவிடும். பிறகு அந்தக் குடும்பமே படுத்துவிடும்.

சந்தையில் இருக்கிறது மருந்து

அப்படியானால் வைட்டமின் 'சி' வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆனால், காசைக் கொட்டி வாங்க வேண்டியது இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ம் ஆண்டு வகுத்தபடி, ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 மில்லிகிராம் போதும். 100 கிராம் கொய்யாப் பழத்தில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இருக்கிறது! நெல்லிக்காயிலும் ஏராளம். முருங்கைக் கீரையிலும் உண்டு. ஆனால் வேக வேக வைட்டமின் 'சி' குறையும். எலுமிச்சையைச் சாதத்தில் பிழிவதானால், அடுப்பை விட்டு இறக்கிய பிறகு பிழியுங்கள்.

இன்னொன்று. எலுமிச்சை ஊறுகாய், எலுமிச்சம் பழம் ஆகாது. அதில் உப்பு அதிகம், கருவாட்டிலும் அப்படியே. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தூத்துக்குடி உப்பு நாடெங்கும் போகட்டும். நமது தட்டில் குறையட்டும்! பீடி, சிகரெட்டை விட்டால், ரத்தக் குழாய்க்கு அதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை.

இன்று இரவு சாப்பிட உட்காரும்போது வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "மாத்திரையை நிறுத்தி விட்டீர்களா?"

'ஆம்' என்றால், நாளைக் காலையில் அவர்களை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வரும் வழியில் கால் கிலோ கொய்யாப் பழமும் வாங்கி வாருங்கள்.