சலைன் போதும் என்கிறவருக்கு

பள்ளிக்கரணையில் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்தும் நண்பர் ஒருவரின் வாதம் இப்போது மேடவாக்கம் வரை பரவியிருக்கிறது. ரத்த அணுக்களை எண்ணும் செல் கவுன்ட்டரில், ரத்தத்தை நீர்க்கச்செய்ய ஊற்றும் டைலூயன்ட் வெறும் உப்புநீர்தானாம். கம்பெனி கேனுக்குக் கொட்டி அழுவதைவிட மருந்துக்கடை நார்மல் சலைனே போதுமாம். "கன்ட்ரோல் ஓட்டிப் பார்த்தேன், பாஸ்!" என்பது அவருடைய பிரம்மாஸ்திரம்.

மெஷினைச் சோதிக்கும் கன்ட்ரோல் குப்பியில் இருப்பவை வாரக்கணக்கில் கெடாதபடி பதப்படுத்திய அணுக்கள். கரைசல் கொஞ்சம் மாறினாலும் லேசில் அசையாது. நோயாளியிடம் சற்றுமுன் எடுத்த செவ்வணு அப்படியல்ல. சலைனில் பிஎச்சைப் பிடித்து நிறுத்தும் பஃபர் கிடையாது, அது 4.5 முதல் 7 வரை எங்கிருந்தாலும் தரமான சலைன்தான். அமிலப் பக்கம் சாய்ந்தால் செவ்வணு ஊதும், எம்சிவி (செவ்வணுவின் சராசரி அளவு) ஏறும். சோகைக்காரரின் ரிப்போர்ட் மட்டும் தேறிவிடும்.

இதைவிட மோசம் பிளேட்லெட். வடகிழக்குப் பருவமழையோடு டெங்கு வரும்போது டாக்டர் முதலில் கேட்கும் எண் அதுதான். மெஷினுக்குப் பிளேட்லெட்டின் முகம் தெரியாது. துளை வழியே போகும் பொருள் எழுப்பும் மின்துடிப்பு சிறியதா பெரியதா என்று மட்டுமே பார்க்கும். தூசியும் காற்றுக்குமிழியும் அதே அளவில் வந்தால் அவையும் பிளேட்லெட்தான். சலைனுக்கான துகள் வரம்போ 10 மைக்ரானில் தொடங்குகிறது. பிளேட்லெட் 2, 3 மைக்ரான். நரம்பில் ஏற்றத் தயாரித்த திரவம் அது, எண்ணுவதற்கல்ல. கிருமி வளராமல் தடுக்கும் பொருளும் அதில் இல்லை. ட்யூப் செருகிய பாட்டில் ஏசி அணைத்த அறையில் இரவெல்லாம் நின்றால், காலையில் மெஷின் எதை எண்ணும்?

உண்மையில் 8 ஆயிரம் இருக்கிற குழந்தைக்கு இந்தக் குப்பை 12 ஆயிரம் சேர்ந்தால் ரிப்போர்ட்டில் 20 ஆயிரம். ரத்தக்கசிவு இல்லாவிட்டாலும் 10 ஆயிரத்துக்குக் கீழே போனால் பிளேட்லெட் ஏற்றலாமா என்று டாக்டர் யோசிப்பார், இங்கே யோசிக்கமாட்டார். அதே 12 ஆயிரம், 2 லட்சத்து 20 ஆயிரம் உள்ள நார்மல் கன்ட்ரோலில் கூடினால்? எல்லைக்குள்ளேயே நிற்கும். பாஸ்தான்!

கம்பெனிகளின் விலை பற்றி அவர் புலம்புவது நியாயம். மாற்று டைலூயன்ட்டே கூடாது என்று நானும் சொல்லவில்லை. ஆனால் தயாரிப்பாளர் சொன்ன முறையை மாற்றினால் சரிபார்த்துக் காட்டவேண்டியது ஆய்வகத்தின் பொறுப்பு என்று ஐஎஸ்ஓ 15189 சொல்கிறது. செய்வது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலையல்ல. ரத்தம் இல்லாமல் வெறும் கரைசலை ஓட்டி, காலையிலும் மாலையிலும் பின்னணி எண்ணிக்கையைக் குறிக்கலாம். பிறகு குறைந்தது 40 நோயாளிகளின் புது ரத்தத்தை இரண்டு கரைசலிலும் ஓட்டலாம். குறைந்த பிளேட்லெட்டுகளை ஸ்மியரில் கண்ணால் பார்க்கலாம்.

அந்தத் தாளை நண்பர் காட்டட்டும். அதில் 20 ஆயிரத்துக்குக் கீழான பிளேட்லெட் சிலவாவது இருக்கட்டும். அதுவரை தன் ரிப்போர்ட்டின் அடியில் 'சலைனில் எண்ணியது' என்று அச்சடிக்க அவருக்குச் சம்மதமா?